2.7 பேர் குடியிருக்கும் வீடு

லண்டனில் ஒரு வீட்டுக்கு ஈ.பி.சி. என்ற எரிசக்திச் சான்றிதழ் எடுக்கப் போனால், கதவைத் தட்டுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். தெருவில் நின்று செங்கல்லைப் பார்த்தால் போதும். கல்லின் நீளப்பக்கம் மட்டுமே வரிசை வரிசையாகத் தெரிந்தால், நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். நீளப்பக்கம் ஒன்று, சின்ன முகம் ஒன்று என்று மாறி மாறி வந்தால் அது ஒற்றைக் கனச் சுவர். குறுக்கே வைத்த கல் சுவரின் முழு அகலத்துக்கும் போகிறது. முதலாவதைக் கேவிற்றி என்போம், மற்றதைச் சொலிட் என்போம். ஈஸ்ட்ஹாமிலும் வோல்தம்ஸ்ரோவிலும் 1900-ஐ ஒட்டி எழும்பிய வரிசை வீடுகள் பெரும்பாலும் சொலிட்தான். ஒன்பது அங்குலச் செங்கல், உள்ளே பூச்சு, அதன் மேல் எங்கள் சனம் ஒட்டிய பூப்போட்ட வோல்பேப்பர். குளிருக்கு வேறு தடை ஒன்றும் கிடையாது.

அந்தச் சுவருக்கு ஓர் எண் உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீற்றர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்ற கணக்கு. 2007-இல் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அது 2.1. மென்பொருளில் 'சொலிட் செங்கல், காப்பு இல்லை' என்று அழுத்தினால் 2.1 தானாக வந்து நிற்கும். வெளிச்சுவர் 60 சதுர மீற்றர், உள்ளே 20 டிகிரி, வெளியே 5 என்று வைத்தால் 1,890 வாட் சுவரால் போகிறது. ஒரு ஹீற்றரை முற்றத்தில் வைத்து எரித்த மாதிரி.

2017 நவம்பரில் அந்த எண் 1.7 ஆயிற்று. அதே சுவர், அதே குளிர், இப்போது 1,530 வாட். ஒரு கல்லையும் யாரும் தொடவில்லை. ஒரே நாளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பழைய வீடுகள் தாளில் கொஞ்சம் கதகதப்பாகிவிட்டன. எல்லைக்கோட்டில் நின்ற சில வீடுகள் சான்றிதழின் 'ஏ' முதல் 'ஜி' வரையான தரத்தில் ஓர் எழுத்து மேலே ஏறின.

காரணம் நேர்மையானது. அதற்கு முன்பு யாரும் இத்தனை வீடுகளில் சுவரை நேரில் அளந்து பார்த்ததில்லை. கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வெப்ப ஓட்டத்தை அளக்கும் சிறிய தகடுகளை உட்சுவரில் ஒட்டி, நாள்கணக்காக விட்டுப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது: சொலிட் சுவரின் சராசரி 2.1 அல்ல, 1.6-க்குக் கிட்ட. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே திசையில்தான் சொன்னார்கள். பாடப்புத்தகக் கணக்கு இங்குள்ள கல்லையும் சாந்தையும் உள்ளுக்குள் இருந்த சின்னச் சின்ன வெற்றிடங்களையும் சரியாக மதிக்கவில்லை. அதற்குள் அந்த 2.1-ஐ நம்பி ஒரு பெரிய அரசுத் திட்டமே வந்து போயிருந்தது. 2013 ஜனவரியில் தொடங்கிய 'கிரீன் டீல்' வீட்டுக்காரருக்குக் கடன் தந்து காப்பு போடச் சொன்னது. கடன் தவணை, மிச்சமாகும் எரிபொருள் செலவை மிஞ்சக்கூடாது என்பது அதன் பொன்விதி. சுவர் உண்மையில் இழப்பதைவிட அதிகமாக இழக்கிறது என்று எழுதினால், மிச்சமும் அதிகமாகத்தானே தெரியும்? 2015 ஜூலையில் அரசு அதற்குப் பணம் தருவதை நிறுத்தியது. அது விழுந்ததற்கு வட்டி, வரவேற்பின்மை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் சுவர் எண்ணையும் நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. நானே தேடிப் படித்தவைதான்.

வட்போர்ட்டுக்குப் பக்கத்தில் கார்ஸ்டன் என்று ஓர் இடம். 1921-இல் தொடங்கிய அரசுக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1925-இல் அங்கே குடிபெயர்ந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி வரும்வரை, ஒரு வீடு எவ்வளவு எரிக்கிறது என்பது இந்த நாட்டில் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. நிலக்கரி மலிவு, புகை மட்டும்தான் தொல்லை. எண்ணெய் விலை ஏறியபிறகு கட்டட விதிகள் இறுகின. 1965 விதி சுவருக்கு 1.7 வரை அனுமதித்தது. எழுபதுகளின் நடுவில் அது 1.0 ஆனது, பிறகு படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. எண்பதுகளில் கார்ஸ்டனில் இருந்தவர்கள் ஒரு வீட்டின் ஆண்டுச் செலவைக் காகிதத்தில் கணக்கிட ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். பிரெடெம் என்று பெயர். இன்றைக்கும் நாங்கள் போடும் கணக்குக்கு அதுதான் பாட்டன்.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது மில்டன் கீன்ஸ். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நகரம். வயலில் வீடு கட்டுபவர்களுக்குப் புதிதாக எதையாவது செய்துபார்க்கத் துணிவு வரும். 1986-இல் ஷென்லி லொட்ஜ் பகுதியில் 'எனர்ஜி வேர்ல்ட்' என்று ஒரு கண்காட்சி: 51 வீடுகள், எல்லாமே அன்றைய விதியைவிடக் கணிசமாகக் குறைவாக எரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைச் சோதிக்க அளவுகோல் வேண்டுமே? நகர அபிவிருத்திக் கழகம் தானே ஒரு செலவுச் சுட்டெண்ணை வகுத்தது. அது வளர்ந்து 1990-இல் நாடளாவிய வீட்டு எரிசக்தி மதிப்பீடாகி, வீடுகளுக்குப் பூச்சியம் முதல் பத்து வரை புள்ளி போட்டது. பக்கத்திலேயே போட்டியாக நட்சத்திரம் போடும் திட்டம் ஒன்றும் ஓடியது. ஒரு வீட்டை ஒருவர் ஏழு என்பார், மற்றவர் மூன்று நட்சத்திரம் என்பார். வாங்குகிறவருக்கு என்ன விளங்கும்? 1993-இல் அரசு தன் சொந்த முறையைப் பிரசுரித்தது. 'சாப்' என்று சுருக்கமாகச் சொல்வோம். 1995 முதல் புது வீடு கட்டுபவர் அந்தப் புள்ளியைக் கணக்கிட்டே ஆகவேண்டும் என்று வந்தது.

சாப்புக்கும் ஆரம்பத்திலிருந்தே நிலையான கோல் இருக்கவில்லை. முதலில் 100 வரை. 2001-இல் 120 வரை நீட்டினார்கள். 2005-இல் திரும்பவும் 100-க்கே கொண்டுவந்தார்கள். ஆகவே 2002-இல் 80 வாங்கிய வீட்டுக்கும் 2006-இல் 80 வாங்கிய வீட்டுக்கும் ஒப்பீடே கிடையாது. பழைய கவுன்சில் கோப்புகளில் இந்தப் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் கீறியதை நானே கண்டிருக்கிறேன். கோடு அழகாக ஏறிக்கொண்டுதான் போகும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: அந்தப் புள்ளி காட்டுவது எரிசக்தியை அல்ல, காசை. ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பதே அதன் அடி. அந்தக் காலத்தில் அது இயல்பான தெரிவு. 1991-இல் பிரெண்டா போர்ட்மன் எழுதிய நூல், வீட்டைச் சூடாக வைத்திருக்கக் காசில்லாத ஏழைகளை இந்த நாட்டின் கண்ணுக்கு முன் நிறுத்தியிருந்தது. பில்தான் கேள்வி. காபன் என்ற சொல் அப்போது குடும்பத்தின் காதில் விழவே இல்லை.

பிறகு 2002-இல் ஐரோப்பியக் கட்டளை வந்தது: விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் சான்றிதழ். ஃப்ரிட்ஜில் ஒட்டும் 'ஏ' முதல் 'ஜி' வரையான வண்ணப் பட்டை வீட்டுக்கும் வந்தது. 92-உம் அதற்கு மேலும் 'ஏ', 69 முதல் 80 வரை 'சி', 39 முதல் 54 வரை 'ஈ', 20-உம் அதற்குக் கீழும் 'ஜி'.

இங்கேதான் என் கதை தொடங்குகிறது. பிரித்தானிய அரசு அந்தச் சான்றிதழை 'வீட்டுத் தகவல் பொதி' என்ற பெரிய கட்டுக்குள் வைத்தது. வீட்டை முழுமையாகச் சோதிக்கும் அறிக்கையும் அதற்குள் கட்டாயம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். 2006 ஜூலையில் அதைக் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். வீட்டைப் பார்க்கும் வேலையில் மிஞ்சியது ஈ.பி.சி. மட்டும். 2007 ஜூன் 1 என்று திகதி வைத்தார்கள். சேர்வேயர்களின் சங்கம் நீதிமன்றம் போனது, பயிற்சி பெற்ற ஆளும் போதவில்லை. ஓகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போட்டு, நாலு படுக்கையறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளோடு தொடங்கினார்கள். செப்டெம்பரில் மூன்று அறை, டிசம்பரில் மிச்சம் எல்லாம். வாடகை வீடுகளுக்கு 2008 ஒக்டோபர்.

பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்தவர்களை இப்போதும் நினைவிருக்கிறது. வங்கி வேலை போன ஒருவர், குசினி பொருத்துகிறவர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், பெற்றோல் ஸ்ரேஷன் ரில்லில் பத்து வருடம் நின்ற நான். 'வருடத்துக்கு இத்தனை ஆயிரம் உழைக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி எல்லாரும் கடன் அட்டையில் கட்டணம் கட்டியிருந்தோம். முதலில் ஒரு வீட்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் கிடைத்தது. ஆள் கூடக்கூட விலை இறங்கி, நாற்பதுக்கு வந்து நின்றது. 2010 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற சில நாள்களிலேயே பொதியை நிறுத்தியது. ஈ.பி.சி. மட்டும் தப்பியது, அதுவும் ஐரோப்பியக் கட்டளையை மீற முடியாததால். வகுப்பிலிருந்த பலர் அதற்கு முன்பே தொழிலை விட்டுவிட்டார்கள்.

நாற்பது பவுண்டுக்கு ஒரு வீட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்? முறையே அதற்கு ஏற்றாற்போலத்தான் செய்யப்பட்டிருந்தது. புது வீட்டுக்கு முழு சாப். இருக்கிற வீட்டுக்குக் குறைந்த தரவு சாப். நாம் அளக்காத இடத்தை எல்லாம் அனுமானம் நிரப்பும். வீடு எந்தக் காலத்தது என்று ஒரு பட்டியல்: 1900-க்கு முன், 1900–1929, 1930–1949, 1950–1966, 1967–1975, 1976–1982 என்று போகும். ஏன் இந்த வெட்டுகள் என்று பலருக்குத் தெரியாது. அறுபதுகளுக்குப் பிந்தியவை கட்டட விதி மாறி, மாற்றம் கட்டடத்தில் தெரியத் தொடங்கிய ஆண்டுகள். அந்தச் சின்னப் படிவமே இந்த நாட்டின் காப்புச் சட்ட வரலாறு.

யன்னல்களை நாங்கள் அளக்கவே இல்லை. 'வழக்கமான அளவு', 'வழக்கத்தைவிடக் கூட', 'குறைவு' என்று ஒன்றைத் தெரிந்தால் முடிந்தது. ஹரோவில் 1930-களின் வீடு ஒன்றின் முன்னால், பிதுங்கி நிற்கும் வளைவு யன்னலைப் பார்த்துக்கொண்டு 'வழக்கம்' என்று அழுத்தும்போது எனக்கு எப்போதும் கை கூசும்.

ஆள்களையும் எண்ணுவதில்லை. நிலத்தின் பரப்பை வைத்து ஒரு சூத்திரம் ஆள் கணக்குச் சொல்லும். 100 சதுர மீற்றர் வீடென்றால் 2.7 பேர். அவர்கள் முன்னறையை 21 டிகிரியில் வைத்திருப்பார்கள். கிழமை நாள்களில் காலை இரண்டு மணி நேரமும் மாலை ஏழு மணி நேரமும் சூடாக்குவார்கள். காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்று நினைப்பு.

ரூட்டிங்கில் ஒரு வீட்டில் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். மகள் வீட்டை விற்கப் போகிறாள், தாய் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறா. யன்னல் முழுக்க ஆவி.

"பிள்ளை, இந்த வீட்டில நாங்கள் ஏழு பேர். நான் நாள் முழுக்க வீட்டில. ஹீற்றிங் எப்ப நிண்டது? உன்ர மிஷினுக்கு அது தெரியாதோ?"

"அது ஆக்களை எண்ணாது அன்ரி. வீட்டை மட்டும்தான் பாக்கும்."

"அப்ப எங்கட பில் ஏன் இப்பிடி வருது?"

"உங்கட பில் வேற, இந்தப் பேப்பரில இருக்கிற பில் வேற."

"அப்ப இந்தப் பேப்பர் ஆருக்கு?"

வாங்க வருகிறவருக்கு என்று சொன்னேன். அவருக்கும் 2.7 ஆள் இருக்கப்போவதில்லை என்றா. அந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. ஆனால் முறையை வகுத்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆளைச் சேர்த்தால், இரண்டு வீட்டை ஒப்பிடவே முடியாது. அதனால்தான் மதிப்பெண்ணுக்கு வானிலையைக்கூட நாடு முழுவதற்கும் ஒன்றாக வைத்தார்கள்: ஸ்கொட்லாந்தின் வடக்கிலும் கோர்ன்வோலிலும் ஒரே குளிர்.

லொஃப்ட் தனிக்கதை. ஏணியை வைத்து மூடியைத் தள்ளினால் முதலில் இறங்குவது தூசி. எங்கள் வீடுகளில் அதற்குப் பின்னால் சூட்கேசுகள், பழைய கிரைண்டர் பெட்டி, சாமிப்படங்கள், கொழும்பிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கு. இவற்றுக்கு அடியில் மஞ்சள் கம்பளி மாதிரி காப்பு. அளவுகோலைக் குத்தி, மில்லிமீற்றர் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். 100 என்றால் மரச்சட்டத்தின் உயரம்வரை. 270 என்றால் சட்டம் தெரியவே தெரியாது. பலகை அடித்து மூடியிருந்தால், கேட்டதை எழுத முடியாது. "போன வருசம்தான் போட்டது தங்கச்சி, நான் ஏன் பொய் சொல்லப்போறன்?" என்பார்கள். ரசீது காட்டுங்கள் என்பேன். ரசீதும் இல்லை, பார்க்கவும் முடியவில்லை என்றால் வீட்டின் வயது என்ன சொல்கிறதோ அதுதான்.

2018-க்கு முன் இதெல்லாம் பெரிய சண்டையாகவில்லை. விற்பனைக் கட்டில் இன்னொரு தாள், அவ்வளவே. 2018 ஏப்ரல் 1 முதல் 'எஃப்', 'ஜி' வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்றும், 2020 ஏப்ரலில் இருந்து ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கும் அதுவே விதி என்றும் வந்தபோது, 38-க்கும் 39-க்கும் நடுவில் இருந்த ஒரு புள்ளிக்கு விலை வந்துவிட்டது. 38 என்றால் வீடு பூட்டு. 39 என்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சம். "கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்ற வசனத்தை நான் அதற்குப் பிறகுதான் அடிக்கடி கேட்டேன். நல்ல தேத்தண்ணியோடு சேர்த்துச் சொல்வார்கள். நான் பார்த்தபடியேதான் போட்டேன். பார்த்துப் போட்டவர்களும் இருந்தார்கள். 2014-லேயே அரசு ஒரே வீட்டுக்குச் சொல்லாமல் பல மதிப்பீட்டாளரை அனுப்பிச் சோதித்திருந்தது; ஒருவர் எழுத்தும் மற்றவர் எழுத்தும் பல வீடுகளில் ஒத்துவரவில்லை. எல்லாம் களவு என்று நான் நினைக்கவில்லை. நாற்பது பவுண்டு, முக்கால் மணி நேரம், மங்கலான லொஃப்ட் வெளிச்சம்.

காசில் நின்ற கோலின் வினை மின்சாரத்தில்தான் வந்து விடிந்தது. மின்சாரத்துக்கு ஒரு யூனிட் விலை எரிவாயுவைவிடப் பல மடங்கு. ஆகவே மின்சாரத்தில் சூடாக்கும் ஃபிளட் எப்போதும் கீழே. ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டின் மின்சாரம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. சாப்பின் 2012 பதிப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.519 கிலோ காபனீரொட்சைட்டு. புதிய பதிப்பில் 0.136. எரிவாயு அன்றும் இன்றும் 0.21-ஐச் சுற்றித்தான். 2024 செப்டெம்பர் 30-இல் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடியாயிற்று. பொயிலரைக் கழற்றி ஹீற் பம்ப் போடுங்கள் என்று ஒரு அமைச்சு சொல்கிறது. போட்டவருக்குச் சில வேளை எழுத்து ஏறவே ஏறாது, ஏனென்றால் இன்னொரு அமைச்சின் தாள் 1993-இன் கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பரில் அரசு சாப்பை ஓய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வெளியிட்டது. புதிய மாதிரி மாதக் கணக்கை விட்டு அரைமணிக் கணக்குக்குப் போகும். ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை பார்த்ததை இனி 17,520 தடவை. பற்றரி, சூரியத் தகடு, இரவில் மலிவாகும் மின்சாரம் எல்லாம் அப்படிப் பார்த்தால்தான் பிடிபடும். அடுத்த டிசம்பரில் ஈ.பி.சி.யில் ஓர் எழுத்துக்குப் பதிலாக நாலு அளவுகள் என்று யோசனை வந்தது: கட்டடத்தின் உடம்பு, சூடாக்கும் கருவி, நேரம் பார்த்து மின்சாரம் பாவிக்கும் தயார்நிலை, செலவு. எனக்கு இது பிடித்திருக்கிறது. சுவர் மோசமா, பொயிலர் மோசமா என்று ஓர் எழுத்து ஒருநாளும் சொன்னதில்லை. ஏஜென்டுகள் நாலில் நல்லதாக இருக்கும் ஒன்றை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பெரிய மாற்றத்துக்கு முன் சின்னது ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. 2025 ஜூன் 15 முதல் ஒவ்வொரு யன்னலையும் அளக்க வேண்டும்: அகலம், உயரம், எந்தத் திசை, என்ன கண்ணாடி. வேலை நேரம் கூடிவிட்டது, கட்டணம் கூடவில்லை. எங்கள் சங்கத்தில் எல்லாரும் புறுபுறுக்கிறார்கள். நான் மட்டும் புறுபுறுக்கவில்லை. ஹரோவின் அந்த வளைவு யன்னல்களுக்கு இப்போதுதான் முதல்முறையாக லேசர் பிடிக்கிறேன். பல வீடுகளில் 'வழக்கம்' என்று இத்தனை வருடமும் எழுதியதைவிடக் கண்ணாடி கூடவாகத்தான் இருக்கிறது, அதனால் சிலருக்குப் புள்ளி இறங்குகிறது, அவர்கள் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

போன மாதம் ஒரு வீட்டுக்கார அண்ணை கேட்டார்: அவருடையதும் பக்கத்து வீடும் ஒரே நாளில் கட்டியவை, ஒரே அளவு, ஒரே பொயிலர். பக்கத்து வீட்டுக்கு 'சி', அவருக்கு 'டி'. பக்கத்து வீட்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். திகதி 2025 ஜூன் மாதத்து முதல் கிழமை. சான்றிதழ் பத்து வருடம் செல்லும். தனியார் வாடகை வீடெல்லாம் 2030-க்குள் 'சி' ஆக வேண்டும் என்று அரசு 2025 பெப்ரவரியில் யோசனை வைத்தது. பக்கத்து வீட்டின் தாளோ 2035 ஜூன் வரை செல்லும்.

"அப்ப நான் என்ன செய்யிறது தங்கச்சி?"

லொஃப்டில் இருக்கும் 100 மில்லிமீற்றரை 270 ஆக்கச் சொன்னேன். ரசீதை வைத்திருக்கவும் சொன்னேன்.